சங்கமே இல்லை என்கிறீர்கள். சம்பளச் சீட்டு வேறு சொல்கிறது

கடிதம் மலேசியாவின் பேராக்கிலிருந்து, சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவருக்கு வயது 43. அங்கே 19 ஆண்டுகளாக உதிரிப் பழம் பொறுக்குகிறார். கணவர் அதே தோட்டத்தில் குலை வெட்டுகிறார். மகள் ஐந்தாம் படிவம். ஆளை அடையாளம் காண முடியாதபடி சிலவற்றை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அடுத்த மாதத்திலிருந்து வெளிக்காட்டு வேலை முழுவதும் ஒரு கொந்தராக்தர் (ஒப்பந்தக்காரர்) கைக்குப் போகிறதாம். வேலையும் வீடும் அப்படியேதான், சம்பளம் மட்டும் அவர் கொடுப்பார் என்று பெரட்டில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) சொன்னார்களாம். மலாயில் அச்சடித்த பாரம் ஒன்றைக் கொடுத்து, மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்கள். மழையால் அக்டோபர் சம்பளம் 1,412 வெள்ளி (ரிங்கிட்), நவம்பரில் 1,386. கேட்டதற்கு, குறைந்தபட்சச் சம்பளம் எடைக்கு வேலை செய்கிறவர்களுக்குக் கிடையாது என்றாராம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. மகள் கைப்பேசியில் படித்துவிட்டு, ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் வைக்கலாம், வைத்துவிட்டால் கம்பெனி பேசியே ஆக வேண்டும் என்கிறாள். பன்னிரண்டு பேர் தயார். ஆனால் அப்படிப் பேசினால் வீட்டைக் காலி செய்ய வேண்டிவரும் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்லியிருக்கிறார். கட்சிக்காரர் ஒருவரோ, இப்போது கையெழுத்துப் போடுங்கள், அப்புறம் நான் அமைச்சரிடம் பேசிக்கொள்கிறேன் என்கிறார். இந்தக் கோபத்தில் மூன்று நாள் யாரும் பெரட்டுக்குப் போகாமல் இருக்கலாமா என்று யோசிக்கிறார்கள்.

கடைசியில் இப்படி முடித்திருக்கிறார்: "எங்களுக்குச் சங்கமே இல்லைங்க ஐயா. சங்கம்னாலே அரசியல்னு வீட்டுக்காரர் பயப்படுறார். ஓட்டுதான் போடுறோமே, அது போதாதா?"

சகோதரி, ஒரே கடிதத்தில் ஆறேழு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எது அவசரமோ அதிலிருந்து தொடங்குகிறேன்.

பாரத்தின் மூன்றாவது வரி

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே உங்கள் பெயர், அப்புறம் மைகார்ட் (அடையாள அட்டை) எண். மூன்றாவது வரியில் "பெர்லெத்தாக்கான் ஜாவாத்தான் செச்சாரா சுக்காரெலா" என்று இருக்கிறது. நானாக விரும்பி வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று அதற்குப் பொருள். நீங்கள் அதை மாற்றல் பாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். மாற்றல் என்கிற சொல்லோ, 19 ஆண்டுச் சேவை தொடரும் என்கிற உறுதியோ அந்தத் தாளில் எங்கும் இல்லை.

கொந்தராக்தரிடம் வேலையை விடக் கம்பெனிக்கு உரிமை இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் உங்களை என்ன செய்வது என்பதில் சட்டம் அவர்கள் இஷ்டத்துக்கு விடவில்லை. தொழில் கைமாறி, இப்போதைய நிபந்தனைகள் எதுவும் குறையாமல் புதியவர் உங்களைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும். இது எழுத்தில் இருக்க வேண்டும், பழைய சேவைக் காலமும் கூடவே வர வேண்டும். இல்லையென்றால் உங்கள் வேலை முடிகிறது என்று ஒப்புக்கொண்டு, முன்னறிவிப்பும் நிறுத்த ஈட்டுத் தொகையும் தர வேண்டும். ஐந்தாண்டுக்கு மேல் சேவை செய்தவருக்கு 8 வாரம் முன்னறிவிப்பு. 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஈட்டுத் தொகை, சேவை ஆண்டு ஒன்றுக்கு 20 நாள் சம்பளம். 19 ஆண்டு என்றால் 380 நாள் சம்பளம். மாதம் 1,700 வெள்ளி என்று வைத்துக் கணக்குப் போட்டால் 21 ஆயிரம் வெள்ளியை ஒட்டி வருகிறது. உங்கள் கணவருக்கு இது தனிக் கணக்கு.

தானாக விலகிப் போனவருக்கு இதில் ஒரு காசு கிடையாது. அந்த மூன்றாவது வரியின் விலை இதுதான்.

அதனால் கையெழுத்துப் போடாதீர்கள். சண்டையும் போட வேண்டாம். "வீட்டில் படித்துப் பார்க்க வேண்டும், ஒரு பிரதி கொடுங்கள்" என்று கேளுங்கள். கொந்தராக்தரிடம் போனால் என் சேவைக் காலம் தொடருமா, இ.பி.எஃப். (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) யார் கட்டுவார்கள் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். அதன் நகலில் ஆபிசில் முத்திரை வாங்குங்கள். முத்திரை தராவிட்டால் கொடுத்த நாளையும் நேரத்தையும் நகலின் பின்புறம் குறித்து, கூட இருந்த ஒருவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக வேலையை விட்டு நிறுத்தினால், நிறுத்திய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில்துறை உறவு இலாகாவில் புகார் கொடுக்க வேண்டும். 61ஆம் நாள் போனால் கதவு சாத்தியிருக்கும். யாராவது ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தால் அவர்களும் இந்தக் கெடுவுக்குள் போகட்டும். கட்டாயத்தின் பேரில் வாங்கிய விலகலும் பணிநீக்கமே என்று வாதாட வழியுண்டு. ஆனால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். நம் ஊரில் பாரம் என்றால் தாளும்தான், சுமையும்தான்.

ஒருவேளை கொந்தராக்தரிடம் போகத்தான் வேண்டியிருந்தால் இரண்டு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கொடுக்கும் கொந்தராக்தர் தொழிலாளர் இலாகாவில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் சம்பளம் தராமல் ஓடிப்போனால், வேலையை அவரிடம் விட்ட கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. மூன்று மாதச் சம்பளம் வரை அவர்களிடம் கேட்கலாம், சம்பளம் விழ வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் கேட்க வேண்டும். "நீங்கள் தொழிலாளி இல்லை, நீங்களே ஒரு சின்னக் கொந்தராக்" என்று சில இடங்களில் ஒரு கதை விடுவார்கள். 2023 சனவரி முதல் நடப்பில் உள்ள வேலைச் சட்டத் திருத்தத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், எப்படி எந்த நேரத்தில் வேலை செய்வது என்று அவர் சொல்கிறார், சாமான் அவர் தருகிறார், உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி அவரிடமிருந்து வருகிறது என்பது போன்ற அடையாளங்கள் இருந்தால் உங்களைத் தொழிலாளி என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு.

மழை மாதத்துச் சம்பளம்

கிராணி சொன்னது தவறு. 2025 பிப்ரவரியிலிருந்து, ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடங்களில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. எடைக்கு, குலைக்கு, நடைக்கு என்று சம்பளம் வாங்குகிறவர்களையும் அந்த உத்தரவு பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. எடை குறைந்தாலும் மாதக் கடைசியில் பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம் 1,700க்குக் கீழே போகக் கூடாது. அக்டோபரில் 288, நவம்பரில் 314, ஆக 602 வெள்ளி உங்களுக்கு வர வேண்டும். ஒன்று மட்டும்: வேலை இருந்தும் நீங்களாகப் போகாமல் நின்ற நாள்கள் இருந்தால் கணக்கு மாறும். அந்த நாள்களை மறைக்காமல் எழுதி வையுங்கள்.

மருந்தடிக்கும் உங்கள் நாத்தனார் நாள் சம்பளக்காரர், நவம்பரில் 19 நாள்தான் வேலை கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இன்னொரு பிடி இருக்கிறது. தோட்டத்தில் நாள் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு மாதம் 24 நாளாவது வேலை கொடுக்க வேண்டும். அவர் வரத் தயாராக இருந்தும் கொடுக்க முடியவில்லை என்றால் அந்த நாள்களுக்கும் சம்பளம் உண்டு. இது புதுச் சட்டமே இல்லை, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. தோட்டங்களுக்கென்றே எழுதியது. தோட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் இது தெரிவதில்லை.

இந்த இரண்டுக்கும் ஈப்போவில் உள்ள தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அதிகாரி இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்து உத்தரவு போடுவார்.

வேலை நேரம் வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி என்று நாத்தனார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அது சரிதான், முன்பு 48. பிரசவ விடுப்பு 60 நாள்தான் என்று நாத்தனார் மகளிடம் ஆபிசில் சொன்னது பழைய கணக்கு. 2023இலிருந்து 98 நாள்.

மூன்று நாள் பெரட்டுக்குப் போகாமல் இருந்தால்

வேண்டாம். உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் இந்த வழியில் நீங்களே கம்பெனியிடம் கத்தியைக் கொடுக்கிறீர்கள். முன் அனுமதியும் தகுந்த காரணமும் இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர், தானே ஒப்பந்தத்தை முறித்ததாக வேலைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். மூன்றாம் நாள் முடிந்தால் 21 ஆயிரமும் இல்லை, வேலையும் இல்லை. வேலைநிறுத்தம் என்பதைப் பதிவுபெற்ற சங்கம், உறுப்பினர்களிடம் இரகசிய வாக்கெடுப்பு நடத்தி, அதை இலாகாவுக்குத் தெரிவித்துத்தான் செய்ய முடியும். இந்த நடைமுறை தொழிலாளிக்குச் சாதகமானது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இருக்கிற சட்டம் இதுதான். திங்கட்கிழமை எப்போதும் போல் பெரட்டுக்குப் போங்கள்.

உங்களுக்குச் சங்கம் இருக்கிறது

இனி முக்கியமான விஷயம். சம்பளக் குறைவைக் காட்ட நவம்பர் சீட்டை அனுப்பியிருக்கிறீர்கள். அதில் "பொத்தோங்ஙான்" பகுதியைப் பாருங்கள். இ.பி.எஃப்., சொக்சோ, கரண்ட் பில், அதற்கும் கீழே மங்கலாக "யூரான் கெசாத்துவான்" என்று ஒரு வரி இருக்கிறது. சங்கச் சந்தா. மாதா மாதம் பிடிக்கிறார்கள்.

நீங்கள் எழுதிக் கேட்காமல் சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்று நீட்டிய தாள்களில் அதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக நீங்கள் ஒரு சங்கத்தின் உறுப்பினர். கூட்டத்துக்கு வரலாம், கணக்கைக் காட்டச் சொல்லலாம், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கலாம், நீங்களே போட்டியிடலாம். நிர்வாகிகள் தேர்தல் இரகசிய வாக்கெடுப்பில் நடக்க வேண்டும் என்பது தொழிற்சங்கச் சட்டத்திலேயே இருக்கிறது.

உங்கள் தோட்டத்தில் கிளைச் செயலாளர் என்று பெயருக்கு ஒருவர் இருக்கிறார், ஆனால் கூட்டம் கூட்டியதாக நினைவே இல்லை என்று கடிதத்தில் வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது அவர் தவறுதான். ஆனால் 19 ஆண்டில் யாரும் கேட்கவும் இல்லையே. என் அப்பா பால் மரம் வெட்டியவர். அவர் காலத்தில் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் சங்கக் கூட்டம் நடக்கும். பின்வரிசையில் கங்காணி உட்கார்ந்திருப்பார். கையைத் தூக்கும்போது எல்லார் கண்ணும் பின்னால் போகும் என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். வாக்குச் சீட்டை மடித்துப் போடுவதன் அருமை அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் புரிந்தது.

புதுச் சங்கத்துக்குத் தயாராக இருக்கும் அந்தப் பன்னிரண்டு பேரும் தங்கள் சீட்டை எடுத்துப் பார்க்கட்டும். அதே வரி இருந்தால், எல்லாரும் கையெழுத்திட்டுக் கிளைச் செயலாளருக்கும் தலைமையகத்துக்கும் ஒரே கடிதம் அனுப்புங்கள். கொந்தராக் மாற்றம் பற்றிக் கம்பெனி உங்களிடம் பேசியதா, கூட்டு ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது, கிளைத் தேர்தல் எப்போது? மூன்றே கேள்வி போதும், திட்ட வேண்டாம்.

ஏழு பேர் போதுமா?

மகள் சொன்னதில் பாதி சரி. சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் போதும். இன்னொரு சங்கத்துக்கு இடமில்லை என்று கிளைச் செயலாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதுவும் பொய்யல்ல. பழைய சட்டத்தைச் சொல்லியிருக்கிறார். ஒரு தொழிலுக்கு ஏற்கெனவே சங்கம் இருந்தால் இன்னொன்றைப் பதிவு செய்ய மறுக்க முன்பு இடம் இருந்தது. ஒரே மாதிரித் தொழிலில் உள்ளவர்கள்தான் ஒரே சங்கத்தில் சேரலாம் என்ற வேலியும் இருந்தது. 2024 செப்டம்பர் 15 முதல் இரண்டும் இல்லை.

அந்த வேலி போட்ட கதை உங்கள் ஊரோடு சேர்ந்தது. 1948 ஜூன் மாதம் ஆங்கிலேய அரசு தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தி, தொழில் கடந்து சங்கங்கள் ஒன்று சேர்வதைத் தடுத்தது. தோட்டம், துறைமுகம், தொழிற்சாலை என்று எல்லாரையும் இணைத்து வைத்திருந்த அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பதிவு போயிற்று. அதே மாதம் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரர்கள் கொல்லப்பட்டார்கள், அவசர காலம் வந்தது. சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை 1949 மே மாதம் தூக்கிலிட்டார்கள். சங்கங்களைத் தனித்தனிப் பாத்தியில் வைக்கும் பழக்கம் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959 சட்டத்திலும் தொடர்ந்தது, கம்யூனிஸ்டுகளோடு நடந்த துப்பாக்கிச் சண்டை முடிந்து எத்தனையோ காலம் ஆகியும் போகவில்லை. எடுக்க 76 ஆண்டு பிடித்தது.

மகள் சொன்னதில் தவறான பாதி, வைத்தவுடன் கம்பெனி பேசியே ஆக வேண்டும் என்பது. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவான சங்கம் அங்கீகாரம் கேட்டுக் கம்பெனிக்கு எழுத வேண்டும். கம்பெனி 21 நாளுக்குள் ஏற்க வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும். மறுத்தால் சங்கம் 14 நாளுக்குள் தொழில்துறை உறவு இலாகாவுக்குப் போகலாம். இலாகா தேவைப்பட்டால் தொழிலாளர்களிடம் இரகசிய வாக்கெடுப்பு நடத்தும். ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருந்தால் யார் பேசுவது என்பதையும் தலை எண்ணித்தான் முடிவு செய்வார்கள்.

இங்கேதான் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. வெளிக்காட்டில் 140 பேர், நம்மவர் 46, மற்றவர்கள் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா என்று எழுதிவிட்டு, "அவங்களுக்கு இதில் என்ன வேலை" என்கிறீர்கள். சகோதரி, கணக்கைப் பாருங்கள். 46 பேரும் ஒன்றாக நின்றாலும் பாதி வராது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சங்கத்தில் உறுப்பினர் ஆகலாம், சட்டம் தடுக்கவில்லை. 1,700 வெள்ளி அவர்களுக்கும்தான். அவர்கள் பயம் உங்கள் பயத்தைவிடப் பெரிது, பெர்மிட் முதலாளி கையில் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் சம்பளத்தைக் குறைத்தால் உங்கள் சம்பளம் தானாகக் குறையும். கப்பலில் வந்து இறங்கிய நம் தாத்தா பாட்டியையும் இதே மாதிரிதான் எண்ணிப் பார்த்தார்கள். இதற்கு மேல் நான் உபதேசம் செய்யப் போவதில்லை. உங்களோடு பொறுக்கும் நேப்பாளத்துத் தம்பியிடம் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள், அவருக்கும் நவம்பரில் எவ்வளவு வந்தது என்று பாருங்கள்.

என் அபிப்பிராயம், முதலில் பழைய வீட்டைக் கூட்டிப் பெருக்குங்கள். ஆறு மாதம் கொடுங்கள். சந்தா வாங்கிக்கொண்டு பதிலே சொல்லாத சங்கம் என்றால், அப்புறம் புதியது. 2024 திருத்தத்தை வரவேற்றவன்தான் நான், ஆனால் ஒரு சங்கடம் உண்டு. உங்களுக்குத் திறந்த கதவு கம்பெனிக்குப் பிடித்த சங்கத்துக்கும் திறந்திருக்கிறது. பன்னிரண்டு பேர் ஒன்று, பதினைந்து பேர் ஒன்று என்று பிரிந்தால் ஆபிசில் சந்தோஷப்படுவார்கள்.

மண்டோர் சொன்னதும் வீடும்

சங்கத்தில் சேர்ந்தார், சேரப் பார்க்கிறார் என்பதற்காக வேலையை விட்டு நீக்குவதும், நீக்குவேன் என்று மிரட்டுவதும் தொழில்துறை உறவுச் சட்டத்தில் குற்றம். மண்டோரிடம் வாக்குவாதம் வேண்டாம். அவர் என்ன சொன்னார், என்று, எந்த இடத்தில், யார் கேட்டார்கள் என்று மகளின் நோட்டுப் புத்தகத்தில் அன்றன்றே எழுதச் சொல்லுங்கள்.

வீட்டைப் பற்றி இனிப்பாகச் சொல்ல எதுவும் இல்லை. எத்தனை தலைமுறை இருந்தாலும் லயத்து வீடு வேலையோடு வந்த வீடு, வேலை போனால் அதில் இருக்கும் உரிமை பலவீனமாகிவிடும். 1990ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும், யாருக்குச் சொந்தம் என்று சொல்லாது. ஆனால் வாய்ச் சொல்லுக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள். எழுத்தில் நோட்டீசு வந்தால் அன்றே சட்ட உதவி இலாகாவுக்கோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கோ எடுத்துப் போங்கள். வேலையை விடாமல் இருப்பதே இப்போதைக்கு வீட்டுக்கும் காவல். பாரத்தில் கையெழுத்து வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓட்டுப் போடுகிறோமே, அது போதாதா?

உங்கள் கணவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயத்தை வீட்டில் பெரியவர்கள் ஊட்டியிருப்பார்கள், அவர்கள் பார்த்தது அப்படி. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. கேட்டதில் ஒன்று கூலி. இன்னொன்று, துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை எடுக்க வேண்டும் என்பது. தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக வேண்டும் என்று கேட்டது அரசியலா என்றால், அன்றைய அரசு அப்படித்தான் நினைத்தது.

இன்று அரசியல் சாசனத்தின் 10ஆம் பிரிவு, குடிமக்களுக்குச் சங்கம் சேரும் உரிமை உண்டு என்கிறது. அதே பிரிவில் கொஞ்சம் கீழே, தொழிலாளர் சட்டத்தின் மூலம் அந்த உரிமைக்குக் கட்டுப்பாடு போடலாம் என்றும் இருக்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடித்துக்கொண்டார்கள் என்று நாங்கள் வக்கீல்கள் பேசிக்கொள்வோம். அதனால்தான் தொழிலாளர் சட்டத்தில் வருகிற ஒவ்வொரு திருத்தமும் ஜனநாயகத்தின் அளவைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. திருத்தங்கள் எல்லாம் கருணையால் வந்தவையும் அல்ல. 2020இல் அமெரிக்கா, கட்டாய உழைப்பைக் காரணம் காட்டி நம் நாட்டின் பெரிய நிறுவனங்கள் இரண்டின் செம்பனை எண்ணெயைத் துறைமுகத்தில் தடுத்தது. அதற்குப் பிறகு வந்த திருத்தத்தில், கட்டாய உழைப்பு வாங்குவது ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை என்று தனிக் குற்றமானது.

ஓட்டு ஐந்தாண்டுக்கு ஒரு தரம். பெரட்டு தினமும் உண்டு. அமைச்சரிடம் பேசுகிறேன் என்றாரே அந்தக் கட்சிக்காரர், அவருக்கு ஒரு செய்தி. முன்பெல்லாம் வேலை நீக்கப் புகார் தொழில்துறை நீதிமன்றத்துக்குப் போகலாமா கூடாதா என்று அமைச்சர்தான் முடிவு செய்வார். அதனால் ஆளைப் பிடிப்பதற்கு ஒரு அர்த்தம் இருந்தது. 2021 சனவரியிலிருந்து அமைச்சருக்கு அந்த வேலை இல்லை. சமரசத்தில் தீராத புகார் இலாகாவிலிருந்து நேராக நீதிமன்றத்துக்குப் போகிறது. எனக்குப் பிடித்த திருத்தம் என்று ஒன்றைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. சமரசப் பேச்சுக்கு எங்களைப் போன்ற வக்கீல்களை உள்ளே விடமாட்டார்கள், அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான், பேச்சு சீக்கிரம் முடியும். சங்கத்து ஆள் கூட வரலாம்.

கட்சிக்காரரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். உதவி செய்ய ஆசைப்பட்டால், ஈப்போவுக்குப் போக ஒரு வேன் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். பன்னிரண்டு பேரும் ஒரே நாளில் போனால் ஒருவரை மட்டும் தனியாகக் குறிவைக்க முடியாது. வேலை நாள் என்றால் முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பழைய சீட்டுகளை மைலோ டின்னில் போட்டு வைத்திருப்பதாகவும், எந்த ஆண்டு எது என்றே தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பிரித்து அடுக்கிக்கொண்டிருக்க வேண்டாம், டின்னோடு எடுத்துப் போங்கள். பாரத்தை மட்டும் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடிக்காமல் கொண்டு போங்கள்.